நீலகிரியில் கைவினைக் கூடங்களைத் தேடி: நண்பருடன் இரண்டு நாள் கார் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக உதகைக்கு ஏறி, மறுநாள் காலையில் முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு, கோத்தகிரியில் வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அந்த வழியாகவே இறங்குவது என்பதே இந்தப் பயணத்தின் வடிவம். புதிதாகச் செல்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் தடுமாறுகிறார்கள். ஒரே நாளில் ஏறி இறங்க நினைத்து எந்தக் கூடத்திலும் அரை மணி நேரம்கூட நிற்க முடியாமல் போகிறது. கண்ணில் பட்ட முதல் கடையிலேயே வாங்கிவிடுவதால், அசல் எது என்று தெரிய வரும்போது பணம் கையை விட்டுப் போயிருக்கிறது. கீழே உள்ள படிகளின் வரிசை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

1. முதலில் நாளையும் திசையையும் முடிவு செய்யுங்கள்

வார நாள்களைத் தேர்ந்தெடுங்கள். புதன் கிழமை காலையில் கிளம்பி வியாழன் மாலையில் இறங்குவது எனக்கு மிகவும் பொருந்தி வந்திருக்கிறது. அருங்காட்சியகம் அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது என்பதால் சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்களை நம்பிச் செல்ல முடியாது. சாலையில் நெரிசலும் வார நாள்களில் குறைவு.

திசையைப் பொறுத்தவரை, ஏறுவதற்குக் குன்னூர் சாலை, இறங்குவதற்குக் கோத்தகிரி சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடை சீசனில் காவல்துறை வழக்கமாக இதே திசையில்தான் ஒருவழிப் பாதையாக வண்டிகளைத் திருப்பி விடுகிறது. எதிர்த்திசையில் திட்டமிட்டு வந்தவர்கள் மேட்டுப்பாளையத்தில் குழம்பி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். சீசன் இல்லாத நாள்களிலும் இந்தத் திசையே நல்லது. பழங்குடியினர் கைவினைப் பொருள்கள் நிறைவாகக் கிடைக்கும் கோத்தகிரி கடைசியில் வருவதால், பார்த்துப் பழகிய கண்ணோடு அங்கே போய்ச் சேரலாம். வாங்கிய மண்பானையை இரண்டு நாள் வண்டியில் உருட்டிக்கொண்டு திரியவும் வேண்டியதில்லை.

மாதத்தைப் பொறுத்தவரை ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், செப்டம்பரும் வசதியானவை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையின் கிழக்குச் சரிவைத்தான் அதிகம் தாக்கும். நாம் ஏறும் சாலையும் இறங்கும் சாலையும் அந்தச் சரிவில்தான் இருக்கின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்த மாதங்களில் கனமழை எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுவதைத் தவிர வேறு யோசனை எதுவும் என்னிடம் இல்லை.

2. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு முடிக்க வேண்டியவை

சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம். 2025 கோடைக்காலத்தில் நாள் ஒன்றுக்கு வார நாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்ற வரம்பும் விதிக்கப்பட்டது. அரசின் இணையதளத்தில் வாகன எண், வருவோர் எண்ணிக்கை, தங்கும் நாள்கள் ஆகியவற்றைப் பதிந்தால் பாஸ் கிடைக்கும். அதைக் கைப்பேசியில் படமாகச் சேமிப்பதோடு ஒரு தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் சிக்னல் கிடைக்காமல் இணையப் பக்கத்தைத் திறக்க முயல்பவர்களால்தான் வரிசை நீள்கிறது.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கும் சிறிய குடிநீர் பாட்டில்களுக்கும் தடை உண்டு. சாவடியில் அவற்றை வாங்கி வைத்துக்கொள்வதோடு அபராதமும் விதிப்பார்கள். எவர்சில்வர் தண்ணீர்க் குடுவை இரண்டும், துணிப்பைகள் நான்கைந்தும் எடுத்துக்கொள்ளுங்கள். துணிப்பைகள் பின்னர் பொருள்களைப் பொதிவதற்கும் உதவும்.

பார்க்க நினைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒருமுறை தொலைபேசியில் பேசி, திறந்திருக்கும் நாளையும் மதிய இடைவேளையையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மலையூர்களில் சிறிய கடைகள் மதியம் ஒரு மணிக்குக் கதவை அடைத்து மூன்று மணிக்குத் திறப்பது உண்டு. இந்த ஒரு விவரம் தெரியாமல் போனால் ஒரு நாளின் திட்டம் முழுவதும் குலையும்.

3. வண்டியைச் சரிபார்க்கும் முறை

பிரேக் பேடுகள், பிரேக் ஆயில், குளிர்விப்பான் நீர், டயர்கள், ஸ்டெப்னி, வைப்பர், முகப்பு விளக்குகள் என்ற வரிசையில் பாருங்கள். பிரேக்கை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்றத்தில் வண்டி கோளாறு செய்தால் ஓரமாக நிறுத்திவிடலாம். இறக்கத்தில் பிரேக் கோளாறு செய்தால் அந்த வாய்ப்பே கிடைக்காது. பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். தொடர்ந்து சூடேறும்போது அது கொதித்துக் குமிழி கட்டி, மிதியை மெத்தென்று ஆக்கிவிடும். ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

பெட்ரோல் அல்லது டீசலை மேட்டுப்பாளையத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மலைச்சாலையின் நடுவில் அதைப் பற்றிய நினைப்பே வரக் கூடாது.

4. உடன் வரும் நண்பரோடு முன்கூட்டியே பேசி வைக்க வேண்டியவை

இருவர் செல்லும் பயணத்தில் ஓட்டுபவருக்கு ஒரு வேலை, பக்கத்தில் அமர்பவருக்கு மூன்று வேலைகள். வழி பார்ப்பது, நேரம் பார்ப்பது, தொலைபேசியை எடுத்துப் பேசுவது ஆகிய மூன்றையும் பக்கத்தில் இருப்பவர் ஏற்க வேண்டும். வரைபடச் செயலி சில நேரங்களில் தேயிலைத் தோட்டங்களுக்குள் செல்லும் குறுகிய சாலைகளைக் குறுக்குவழியாகக் காட்டும். அவற்றை மறுத்து முதன்மைச் சாலையிலேயே இருக்கச் சொல்லும் பொறுப்பும் அவருடையதே. வரைபடத்தை முன்கூட்டியே பதிவிறக்கி வையுங்கள்.

தலைசுற்றல், வாந்தி வரும் நண்பராக இருந்தால் முன் இருக்கையில் அமர்த்தி, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைப்பேசித் திரையைப் பார்க்கும் வேலையை அன்று அவரிடம் தராதீர்கள். காலையில் பூரியும் வடையும் தவிர்த்து, இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நலம். மாத்திரை போடும் வழக்கம் உள்ளவர் வளைவுகள் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே, மேட்டுப்பாளையத்துக்கு வெளியிலேயே போட்டுவிட வேண்டும். வயிறு புரளத் தொடங்கிய பிறகு போடும் மாத்திரையால் பயனில்லை.

இருவரின் செலவு வரம்பையும் வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் சால்வைக்காகவும் மற்றவர் ஓவியத்துக்காகவும் வந்திருந்தால், ஒவ்வொரு கூடத்திலும் ஒரு மணி நேரம் என்று முதலிலேயே ஒத்துக்கொள்வதால் ஒருவர் வாசலில் நின்று கடிகாரம் பார்க்கும் நிலை வராது. ஒரு நாளைக்கு மூன்று இடங்களுக்கு மேல் சேர்க்க வேண்டாம். நான்காவது இடத்தில் கண் பார்க்கும், மனம் பார்க்காது.

5. முதல் நாள்: ஏற்றம்

மேட்டுப்பாளையத்தைக் காலை ஏழு மணிக்குக் கடந்துவிடுங்கள். குன்னூர் வரை சுமார் 35 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குள் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏறுகிறோம். எண் பலகை வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். சமவெளியில் கிலோமீட்டரைக் கணக்கிடும் பழக்கத்தோடு முக்கால் மணி நேரம் என்று போட்டுக்கொள்பவர்கள், தாமதமாகிவிட்டது என்ற பதற்றத்தில் வளைவுகளில் முந்தத் தொடங்குகிறார்கள்.

கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். வளைவின் நடுவில் குறைத்தால் வண்டி திணறி நின்றுவிடும், பின்னால் வரும் பேருந்துக்கும் இடமிருக்காது. ஹாரன் அடித்து, மேலிருந்து வரும் வண்டியின் ஒலியையும் கவனித்துத் திரும்புங்கள். குறுகிய இடத்தில் ஏறும் வண்டிக்கே முன்னுரிமை என்பது மலைச்சாலை விதி. ஆனால் எதிரில் வருவது பேருந்தோ லாரியோ என்றால் அதற்கு வளைவு முழுவதும் தேவைப்படும் என்பதால், பத்து மீட்டர் கீழேயே நின்று வழி விடுவதுதான் நடைமுறை அறிவு.

கல்லாறு, பர்லியாறு பகுதிகளில் யானைகள் சாலையைக் கடக்கும். யானையைக் கண்டால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், தொலைவிலேயே நின்று காத்திருங்கள். படம் எடுப்பதற்காக வண்டியை நெருக்கமாகக் கொண்டு செல்வது அந்த விலங்குக்கும் பின்னால் நிற்பவர்களுக்கும் செய்யும் தீங்கு.

6. குன்னூரிலும் உதகையிலும்: பார்க்க மட்டும்

முதல் நாளில் எதையும் வாங்குவதில்லை என்று இருவரும் உறுதி செய்துகொள்ளுங்கள். இது கடினமாகத்தான் இருக்கும், ஆனாலும் பயணத்தின் பயன் முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

குன்னூரில் பழைய பங்களா ஒன்றில் இயங்கிவரும் நீடில்கிராஃப்ட் என்ற பூத்தையல் கூடத்தை முதலில் பாருங்கள். அங்கே இருப்பது ஐரோப்பிய வழித் தையல். மேசை விரிப்புகளிலும் கைக்குட்டைகளிலும் உள்ள நுண்ணிய தையலைப் பார்த்த கண்ணுக்கு, மறுநாள் பார்க்கப்போகும், நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் தையல் எவ்வளவு வேறுபட்டது என்பது தானாகவே புலப்படும். குன்னூரிலிருந்து உதகை சுமார் 19 கிலோமீட்டர். மாலையில் அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்தில் விலைகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நியாயமான விலை எது என்பதற்கு அது ஓர் அளவுகோலாக இருக்கும்.

உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் நன்றாகவே தெரியும், தூக்கமும் முதல் இரவில் சிலருக்குச் சரியாக வராது. சீக்கிரம் சாப்பிட்டுச் சீக்கிரம் படுத்துவிடுங்கள்.

7. இரண்டாம் நாள் காலை: முத்தோரை பாலாடா

உதகையிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் பழங்குடியினர் ஆய்வு மையமும் அதன் அருங்காட்சியகமும் உள்ளன. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு சமூகத்தாரின் கருவிகள், ஆடைகள், அணிகலன்கள், வீட்டுப் பொருள்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. காலையில் கேரட் ஏற்றிய லாரிகள் அந்தச் சாலையில் அதிகம் வரும் என்பதால், ஒன்பதரை மணிக்குக் கிளம்பினால் நிதானமாகப் போகலாம்.

வாங்குவதற்கு முன் இங்கே வருவதன் காரணம் எளிது. கடையில் உள்ள பொருளை மதிப்பிட, பயன்படுத்தித் தேய்ந்த பொருள் ஒன்றை முதலில் பார்த்திருக்க வேண்டும். குறிப்பேட்டில் மூன்று பொருள்களை மட்டும் வரைந்துகொள்ளுங்கள். படம் எடுப்பதைவிட வரையும்போதுதான் விளிம்பு எப்படி முடிகிறது, கைப்பிடி எங்கே பொருந்துகிறது என்பது கண்ணில் படும்.

8. தோடர் பூத்தையலை அறியும் முறை

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

தோடர் பெண்கள் செய்யும் இந்தத் தையலுக்கு 2013-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெண்மையான அல்லது பழுப்பு வெண்மையான முரட்டுப் பருத்தித் துணியில், சிவப்பும் கறுப்புமான நூலால் தைக்கிறார்கள். அவர்கள் போர்த்தும் பூத்துக்குளி என்ற சால்வையில் துணியிலேயே நெய்யப்பட்ட சிவப்பு, கறுப்புப் பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டைகளுக்கு இடையில் வடிவங்கள் நிரம்பும். துணியில் கோடு வரைவதில்லை, சட்டத்தில் இழுத்துக் கட்டுவதும் இல்லை. பாவு நூலையும் ஊடு நூலையும் விரலால் எண்ணி எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து ஊசியை நுழைக்கிறார்கள்.

ஒருமுறை ஒரு தோடர் அம்மா தைத்துக்கொண்டிருந்தபோது அருகில் அமர்ந்து பார்க்க வாய்த்தது. ஊசி முனையால் நான்கு இழைகளைத் தூக்கி, அடுத்த நான்கை விட்டு, நூலை இழுத்து முடிப்பதற்குச் சற்று முன் கட்டை விரலால் அதை நிறுத்தினார். அந்த இடத்தில் ஓர் எள்ளளவு நூல் வளையமாக எழுந்து நின்றது. இப்படி ஒவ்வொரு வரியிலும் விடப்படும் சிறு வளையங்கள்தான் தையலுக்கு மேடான தோற்றத்தைத் தருகின்றன. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினாலே நெல்மணி பரப்பியதுபோல் தட்டுப்படும்.

இதிலிருந்து சோதிக்கும் முறையும் கிடைக்கிறது. முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சிட்ட நகலில் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். எந்திரத் தையலில் பின்பக்கத்தில் வேறொரு மெல்லிய நூல் ஓடியிருக்கும், சில நேரங்களில் தாள் போன்ற ஒரு பொருளும் ஒட்டியிருக்கும். கையால் தைத்ததில் இரு பக்கமும் வடிவம் தெளிவாக இருக்கும், எதை வெளிப்பக்கமாகப் போர்த்தினாலும் குறையாகத் தெரியாது. அடுத்து விரலால் தடவி வளையங்களைத் தேடுங்கள். மூன்றாவதாக, ஒரே வடிவம் திரும்ப வரும் இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். இழை எண்ணித் தைத்ததில் அளவு சரியாக இருந்தாலும் நூலின் இறுக்கத்தில் சிறு ஏற்ற இறக்கம் இருக்கும். எந்திரத்தில் அது இருக்காது.

என்னோடு வந்த நண்பர் ஒருவர் முதல் நாளே சாலையோரக் கடை ஒன்றில் தோடர் சால்வை என்று சொல்லி விற்றதை வாங்கிவிட்டார். மறுநாள் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பழைய சால்வையைப் பார்த்ததும், காருக்குப் போய்த் தம் சால்வையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளையாகவே இருந்தது. பணம் போனதைவிட, அந்தப் பணம் ஒரு தோடர் பெண்ணின் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அவரை வருத்தியது. முழுச் சால்வை ஒன்றைத் தைக்கப் பல வாரங்கள் ஆகும். அந்த உழைப்புக்கு ஒவ்வாத அளவுக்கு விலை மலிவாக இருந்தால், அதுவே முதல் எச்சரிக்கை.

9. குறும்பர் ஓவியமும் கோத்தர் மண்பாண்டமும்

ஆலு குறும்பர் ஓவியங்களில் தேன் எடுப்பது, சடங்குகள், காட்டு விலங்குகள் ஆகியவை கோட்டு உருவங்களாக வரும். வேங்கை மரப் பிசின், மண், இலைச்சாறு போன்றவற்றிலிருந்து எடுத்த வண்ணங்கள் என்பதால் பழுப்பு, செம்மண், கறுப்பு, மங்கிய பச்சை என்ற அளவுக்குள்ளேயே நிறங்கள் நிற்கும். பளபளக்கும் நீலமும் ரோஜா நிறமும் கண்டால் விவரம் கேளுங்கள். வரைந்தவரின் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கும் படத்தையே வாங்குங்கள். நேரடி வெயில் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கிவிடும்.

கோத்தர்களிடையே மண்பாண்டம் செய்வது பெண்களின் வேலை. எல்லா நாளும் கிடைக்கும் பொருள் இல்லை இது, கிடைத்தால் வாங்கலாம். வாங்கும் முன் விரல் கணுவால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாக வெந்திருக்கிறது, மந்தமாக ஒலித்தால் எங்கோ விரிசல் இருக்கிறது. சமைக்கப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒரு நாள் நீரில் ஊறவைத்து, அரிசி கழுவிய நீரைக் காய்ச்சிப் பழக்கிய பிறகே அடுப்பில் ஏற்றுங்கள்.

10. மந்துக்குச் செல்ல விரும்பினால்

தோடர்களின் குடியிருப்பான மந்து மக்கள் வாழும் இடம். தெரிந்தவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே கேட்டு, அவர்கள் வரச் சொன்னால் மட்டும் செல்லுங்கள். கோயிலைச் சுற்றியுள்ள கல் சுவரைத் தாண்டக் கூடாது. பெண்கள் எந்த எல்லை வரை செல்லலாம் என்பதையும் அங்குள்ளவர்களிடமே கேட்டு நடங்கள். ஆட்களைப் படம் எடுப்பதற்கு முன் அனுமதி பெறுங்கள். அழைப்பு கிடைக்கவில்லை என்றால் இந்தப் படியை விட்டுவிடலாம், பயணத்துக்கு எந்தக் குறையும் வராது.

11. கோத்தகிரியில் வாங்குவதும் பொதிவதும்

உதகையிலிருந்து கோத்தகிரி சுமார் 30 கிலோமீட்டர். நண்பகலில் கிளம்பினால் ஒன்றே கால் மணிக்குச் சேர்ந்து சாப்பிட்டுவிடலாம். இங்குள்ள கீஸ்டோன் அறக்கட்டளையின் பணியிலிருந்து உருவான லாஸ்ட் ஃபாரஸ்ட் நிறுவனத்தின் கடையில் காட்டுத் தேன், தேன்மெழுகுப் பொருள்கள், தோடர் தையல், குறும்பர் ஓவியம் எனப் பலவும் ஒரே இடத்தில் கிடைக்கும். முதல் நாள் குறித்த விலைகளையும், காலையில் வரைந்த படங்களையும் இப்போது எடுத்துப் பாருங்கள்.

முதலில் ஓவியம், அடுத்து துணி, கடைசியாகத் தேனும் மண்பாண்டமும் என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். நிதானமான கண் தேவைப்படுவது ஓவியத்துக்கு. தேன் புட்டியைக் களைப்பிலும் தேர்ந்தெடுக்கலாம். பேரம் பேச வேண்டாம். இரண்டு விலைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்குக் காரணம் கேட்பது வேறு, அதை விளக்கிச் சொல்லக் கடைக்காரர்கள் தயங்குவதில்லை. கைப்பேசி வழிப் பணம் செலுத்துவது சிக்னல் இல்லாதபோது நின்றுவிடும் என்பதால் ரொக்கமும் வைத்திருங்கள்.

ஓவியத்தைச் சுருட்டுவதாக இருந்தால் வரைந்த பக்கம் வெளியே இருக்கும்படி தளர்வாகச் சுருட்டுங்கள். உள்பக்கமாக இறுக்கிச் சுருட்டினால் பிசின் வண்ணம் நொறுங்கிப் பெயரும். மண்பாண்டத்துக்குள் பழைய பருத்தித் துணியைத் திணித்து, வெளியிலும் சுற்றி, முன் இருக்கைக்குப் பின்னால் கால் வைக்கும் தளத்தில் வையுங்கள். டிக்கியில் வைத்தால் வளைவுக்கு வளைவு உருளும். தேன் புட்டியைத் துணிகளோடு ஒரே பையில் வைக்கவே வேண்டாம். இறங்க இறங்க வெப்பம் கூடி, மூடி தளர்ந்திருந்தால் கசியும்.

12. இறக்கம்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். மூன்றரை மணிக்குள் கிளம்பிவிடுங்கள். மாலையில் மூடுபனி இறங்கினால் பத்து மீட்டருக்கு அப்பால் தெரியாது; அந்தி நேரத்தில் காட்டெருமைகளும் சாலைக்கு வரும். குஞ்சப்பனைப் பகுதியில் பலாப்பழக் காலத்தில் யானைகளின் நடமாட்டம் கூடும்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. பெரும்பாலான இடங்களில் அது இரண்டாவது கியர். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக நினைத்து நியூட்ரலில் விடுவது மிகப் பெரிய தவறு. வண்டியின் வேகத்தைப் பிடித்து வைக்கும் இன்ஜினை அப்போது நாமே துண்டித்துவிடுகிறோம், முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகிறது. தானியங்கி கியர் வண்டியில் எல் நிலையையோ, கையால் மாற்றும் நிலையையோ பயன்படுத்துங்கள். பிரேக்கை மெல்ல மிதித்தபடியே இறங்காமல், தேவையான இடத்தில் சற்று அழுத்தி வேகத்தைக் குறைத்து உடனே விட்டுவிடுங்கள். விடும் இடைவெளியில்தான் அது ஆறும்.

ரப்பர் கருகுவதுபோல் வாடை வந்தாலோ, மிதி வழக்கத்தைவிட ஆழமாகப் போனாலோ, அகலமான சமதளத்தில் நிறுத்தி அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் பிரேக் தட்டு வளைந்துவிடும். மூடுபனியில் தாழ்வொளி விளக்கைப் போட்டு ஓட்டுங்கள். உயரொளி பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே கூசவைக்கும். ஓடும்போது நான்கு பக்க விளக்குகளையும் மினுக்கவிடாதீர்கள், பின்னால் வருபவருக்கு நீங்கள் திரும்பப் போகும் திசை தெரியாமல் போகும்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தி, பிரேக் ஆறும் வரை பொதிகளை ஒருமுறை அவிழ்த்துப் பாருங்கள். தேன் மூடி இறுக்கமாக இருக்கிறதா, பானையின் துணி நழுவியிருக்கிறதா என்பதைச் சரிசெய்துவிட்டு, நெடுஞ்சாலையில் மீதித் தூரத்தை ஓட்டும் பொறுப்பை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள்.